மோரிஸ் மைனர் 1000: புது ரேடியேட்டரா, பழைய டேங்க்கில் புது கோரா?

பச்சைமைனர்:

வணக்கம். என்னிடம் 1959 மாடல் மோரிஸ் மைனர் 1000 இருக்கிறது. 948 சிசி இன்ஜின், டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கும்), எல்லாம் கம்பெனியில் வந்தபடியே. இந்தக் காரில் டெம்பரேச்சர் மீட்டர் கிடையாது. நான் தனியாக ஒன்று பொருத்தியிருக்கிறேன்.

மெதுவாக ஓட்டினால் முள் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. நல்ல வேகத்தில் ஒரே சீராகப் போனால் கொஞ்ச நேரத்தில் 100-ஐத் தொடுகிறது. நிறுத்தி ஐடிலில் விட்டால் மெல்ல இறங்கிவிடும். ரேடியேட்டரின் மேல் டேங்க்கும் கோரும் (தண்ணீர் ஓடி ஆறும் குழாய்கள் உள்ள நடுப்பகுதி) சேரும் ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது, அங்கே ஈரமும் கசிகிறது. ரேடியேட்டர் மூடி 7 பவுண்டு அழுத்தத்துக்கானது. ஃபேன் பெல்ட் புதிது. வாட்டர் பம்பில் ஒழுக்கோ ஆட்டமோ இல்லை. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை.

ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வு) கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார். இன்னொருவர் அலுமினிய ரேடியேட்டர் போடு, தொல்லை விட்டது என்கிறார். எனக்குப் பழைய பித்தளை டேங்க்கைத் தூக்கிப்போட மனமில்லை. கழற்றுகிற வேலையை நானே செய்ய நினைக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பித்தளைப்பிரியன்:

எப்போது சூடாகிறது, எப்போது ஆறுகிறது என்று பிரித்துச் சொல்லிவிட்டீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது. நிற்கும்போது சூடாகி ஓடும்போது ஆறினால் காற்று போதவில்லை என்று அர்த்தம், ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். உங்களுடையது நேர் எதிர். ஓடும்போது காற்று தாராளமாக வருகிறது. இன்ஜின் கக்கும் வெப்பத்தைச் சுமக்கும் அளவுக்குத் தண்ணீர்தான் கோருக்குள் ஓடவில்லை. குழாய்களில் சுண்ணாம்பும் துருவும் அடைத்திருக்கும்.

இதை உறுதிசெய்துகொள்ள, வண்டி நன்றாகச் சூடானதும் இன்ஜினை அணைத்துவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கோரை இடமிருந்து வலமாகப் பாருங்கள். மைனரில் தண்ணீர் மேலிருந்து கீழே இறங்குகிறது. மேலே சூடு அதிகமும் கீழே குறைவுமாக இருப்பது இயல்பு. ஆனால் ஒரே உயரத்தில் ஓரிடம் மட்டும் ஆறிக்கிடந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டமே இல்லை.

கையை வைப்பதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் அட்வான்ஸ் டயஃப்ரம் (இன்ஜினின் உறிஞ்சலால் தீப்பொறியை முன்னதாக விழச்செய்யும் சவ்வு) கிழிந்திருந்தாலும் சீரான வேகத்தில்தான் வண்டி சூடாகும், ஏனென்றால் அது முழுசாக வேலை செய்வதே அப்போதுதான். சின்னக் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். இழுப்பு விடாமல் நிலைத்திருக்க வேண்டும், உள்ளே தட்டு நகர வேண்டும். இதைப் பார்க்காமல் நல்ல ரேடியேட்டரைக் கழற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும், சிலிண்டர் தேயும், ஆயிலில் கசடு சேரும். அடைத்த கோரோ அடைத்தபடியே இருக்கும். சந்தேகம் இருந்தால் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று பாருங்கள்.

அலுமினியமா பித்தளையா என்றால், என் வாக்கு கோரை மட்டும் மாற்றுவதற்கே. அந்த டேங்க் பித்தளை, குழாய்கள் பித்தளை, ஃபின்ஸ் (குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகள்) செம்பு, எல்லாவற்றையும் சேர்ப்பது ஈயப் பற்று. பற்றை உருக்கினால் டேங்க் முழுசாகக் கழன்று வரும், புதுக் கோரில் அதையே திரும்ப ஏற்றலாம். இப்படித் திரும்பத் திரும்பப் பழுது பார்க்கும்படி செய்து வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு இந்த வண்டிகளில் பிடித்த விஷயம். புதுக் கோரில் ஒரு வரிசைக் குழாய் கூடுதலாக வைக்கச் சொன்னால், தடிமன் கூடி ஃபேன் இடிக்குமா என்று முதலில் அளந்து கொடுங்கள்.

கழற்றும்போது ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்து எடுங்கள். ஹோஸ் போனால் போகிறது, முறுக்கினால் பித்தளைக் கழுத்து பற்றோடு கழன்று வரும். பக்கத்து போல்ட்களுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். திரும்ப மாட்டும்போது ஃபேனுக்கும் கோருக்கும் நடுவில் ஒரு கெட்டி அட்டையைச் செருகிவிட்டால் ஃபின்ஸ் நசுங்காது. வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைகோல் இனிக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும்.

இதில் யாரும் செய்யாமல் விடுவது பிளாக்கைக் கழுவுவது. பிளாக்கின் பின்பக்கத்தில் ஒரு வடிகுழாய் இருக்கும். திறந்தால் பெரும்பாலும் ஒரு சொட்டுகூட வராது. பம்புக்குத் தூரமாக இருப்பதால் கசடெல்லாம் கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் படியும். கம்பியால் குத்தித் திறந்து, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, மேலிருந்து தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டுத் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். கழுவாமல் மாட்டினால் அந்தக் கசடெல்லாம் புதுக் கோருக்குத்தான் போகும்.

மூடியை 7 பவுண்டிலிருந்து கூட்ட வேண்டாம். 7 பவுண்டிலேயே வெறும் தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரியில்தான் கொதிக்கும், கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. அழுத்தத்தைக் கூட்டினால் பழைய பற்றும் ஹீட்டரும்தான் முதலில் பிளக்கும்.

கியர்கம்பி:

பித்தளைப்பிரியன் சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். அலுமினியம் மட்டமில்லை. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு மேல்தான், ஆனால் அலுமினியத்தில் அகலமான குழாய்கள் வைக்க முடிகிறது, அவை ஃபின்ஸோடு நன்றாகச் சேர்ந்தும் இருக்கும். எடையும் குறைவு. என் வண்டியில் இன்ஜின் ஒரிஜினல் இல்லை, சக்தி கூட்டியது, அதற்கு அலுமினியம்தான் போட்டேன், நிம்மதியாக ஓடுகிறது. ஆனால் பச்சைமைனர் வண்டி கம்பெனியில் வந்தபடி இருக்கிறது. 948-க்கு நல்ல பித்தளைக் கோரே தாராளம்.

பித்தளைப்பிரியன்:

ஒப்புக்கொள்கிறேன். சக்தி கூட்டிய இன்ஜினுக்கு நானும் அதைத்தான் சொல்வேன்.

எர்த்வயர்:

எலக்ட்ரிக் பக்கம் இரண்டு வார்த்தை. பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு வரும் எர்த் துருப்பிடித்திருந்தால் கரண்ட் கூலன்ட் வழியாக ஓடி ரேடியேட்டரை அரிக்கும். பித்தளையைவிட அலுமினியம் இதில் சீக்கிரம் போய்விடும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையில் வையுங்கள், மறுமுனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டில் முக்குங்கள். லைட் எல்லாம் எரியும்போதும் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் எர்த் பட்டையைச் சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம், யாராவது எலக்ட்ரிக் ஃபேன் போடச் சொன்னால் உங்களுடையது பாசிட்டிவ் எர்த் என்பதை நினைவில் வையுங்கள். வயர் மாறினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும், வரும் காற்றை எதிர்த்துத் தள்ளும்.

பச்சைமைனர்:

எல்லோருக்கும் நன்றி. டயஃப்ரம் நன்றாக இருக்கிறது. கோரில் நடுவே ஒரு பட்டை முழுக்க ஆறிக்கிடந்தது. டேங்க் இரண்டையும் வைத்துக்கொண்டு கோர் மட்டும் புதிதாகப் போட்டாயிற்று. பிளாக்கின் வடிகுழாயில் நீங்கள் சொன்னது போல ஒன்றுமே வரவில்லை, கம்பி விட்டதும் செம்மண் குழம்பாகக் கொட்டியது. இப்போது வேகத்திலும் 82, 84-லேயே நிற்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: கழுத்துவரை கூலன்ட் நிரப்பினேன், முதல் ஓட்டத்திலேயே ஓவர்ஃப்ளோ குழாயில் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டது. கசிவு எங்கும் இல்லை.

பித்தளைப்பிரியன்:

அது பழுதில்லை. இதில் தனி டேங்க் கிடையாது. சூடாகி விரியும் தண்ணீர் போக மேல் டேங்க்கிலேயே இடம் வேண்டும். கழுத்துக்குக் கீழே சுமார் 25 மில்லிமீட்டர் காலியாக விடுங்கள். ஹீட்டர் இருந்தால் அதன் குழாயைத் திறந்து வைத்தே நிரப்புங்கள், இல்லையென்றால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். கூலன்ட் வாங்கும்போது பழைய வண்டிகளுக்கான, சிலிகேட் கலந்த கிளைகோல் என்று கேட்டு வாங்குங்கள். நிறத்தை நம்பாமல் டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஓஏடி (OAT, ஆர்கானிக் ஆசிட் வகை) என்று போட்டிருந்தால் வேண்டாம், ஈயப் பற்றுக்கு அது ஒத்துவராது. டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி, 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.