தாத்தாவின் போர்முனைக் கடிதங்களில் புரியாத வரிகள்

கேள்வி: ஓசூரிலிருந்து ஒரு பேத்தி

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது, 1944ஆம் ஆண்டு தாத்தா பட்டாளத்திலிருந்து எழுதிய பதினொரு கடிதங்கள் பரணில் கிடைத்தன. அவர் இம்பாலில் இருந்ததாக அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் கடிதங்களில் இடத்தின் பெயரே இல்லை. ஒன்றில் இரண்டு வரிகள் பிளேடால் வெட்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. "விடியுமுன் குழிக்குள் இறங்கித் துப்பாக்கியோடு நிற்கிறோம், ஒருவரும் வருவதில்லை, வெளுத்தபின் டீ குடிக்கிறோம்" என்றும், "மஞ்சள் மாத்திரை தின்று நானே மஞ்சளாகிவிட்டேன்" என்றும் எழுதியிருக்கிறார். இவற்றின் பொருள் என்ன? மேலும், எல்லாக் கடிதங்களும் "கவலை ஓடுகிறதா, நின்றுவிட்டதா?" என்றே முடிகின்றன. பாட்டியின் மனக்கவலையையா கேட்கிறார்?

பதில் 1: ஓய்வுபெற்ற ஹவில்தார், ஊத்தங்கரை

அம்மா, குழியில் நிற்பதற்கு 'ஸ்டாண்ட் டு' என்று பெயர். எதிரி பாய்வதற்கு ஏற்ற அரையிருள் என்பதால், விடியலிலும் அந்தியிலும் முகாமே ஆயுதத்தோடு விழித்திருக்கும். என் காலத்திலும் நின்றிருக்கிறோம். ஒருவரும் வராத நாள்கள்தான் மனிதனை அதிகம் களைப்பாக்கும் என்பது என் அனுபவம்.

மஞ்சள் மாத்திரை மெபாகிரின். மலேரியா மருந்தான கொயினா விளைந்த ஜாவாவை 1942இல் ஜப்பானியர் பிடித்துவிட்டதால், மலேரியாவைத் தடுக்க இதை நாள்தோறும் கொடுத்தார்கள். தோல் உண்மையாகவே மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தியால் பலர் துப்பிவிடுவார்கள் என்பதால், விழுங்கும்வரை எதிரில் நின்று பார்ப்பதுண்டு.

வரிகளை வெட்டியது தணிக்கை. இடம், படைப்பிரிவு, நடமாட்டம் எதையும் எழுதக்கூடாது. கடிதத் தேதிகளையும் பாருங்கள்: மார்ச் இறுதியிலிருந்து ஜூன் 22 வரை இம்பாலுக்கான கோஹிமா சாலை ஜப்பானியரால் துண்டிக்கப்பட்டிருந்தது, விமானத்தில் வந்ததைக் கொண்டே சமாளித்ததால் ரேஷனும் குறைக்கப்பட்டது.

பதில் 2: பென்னாகரம் விவசாயி

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அது மனக்கவலை அன்று. பம்புசெட் வருவதற்கு முன்பு, தோல் வால் பொருத்திய சால் என்னும் பெரிய வாளியை வடத்தில் கட்டி, இரண்டு மாடுகளைச் சரிவில் இறக்கிக் கிணற்று நீர் இறைத்தார்களே, அதுதான் கவலை. கமலை என்றும் சொல்வார்கள். கிணற்றில் ஊற்று வற்றினால் கவலை நின்றுவிடும், கேழ்வரகுப் பயிர் காய்ந்துவிடும். மழை பெய்ததா, களிக்கு வழி உண்டா என்பதைத்தான் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்.

பதில் 3: ஊத்தங்கரை ஹவில்தார் மீண்டும்

பென்னாகரத்து நண்பருக்கு நன்றி, எனக்கே தோன்றவில்லை. லீவு பற்றி ஏதேனும் எழுதியிருக்கிறாரா? அன்று மணிப்பூர் ரோடு எனப்பட்ட திமாப்பூரில் ரயிலேறி, பாலமில்லாத பிரம்மபுத்திராவைப் படகில் கடந்து, கல்கத்தா, சென்னை வழியாக மொரப்பூரில் இறங்குவதற்குள் லீவில் பல நாள்கள் கரைந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி ஐயா. எட்டாவது கடிதத்தில் லீவு பற்றி இருக்கிறது: "கேட்டேன், இப்போது இல்லை என்றார்கள். நான்கு வருஷமாயிற்று, இருப்புக் கொள்ளவில்லை. மாடு இரண்டையும் விற்றுவிடாதே, நான் வந்து ஓட்டுகிறேன்." மாட்டை எங்கே ஓட்டப் போகிறார் என்று நேற்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தக் கிணறு இன்னும் மூடப்படாமல்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சென்று அந்தச் சரிவு தெரிகிறதா என்று பார்க்கிறேன்.