மறு: ஹப் டைனமோ, அதுல இருந்து சார்ஜ் பண்ற பெட்டி - ரெண்டுக்கும் தமிழ்ல என்ன வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

சைக்கிள் சக்கரத்தோட நடுவுலயே உக்காந்து கரண்ட் தர்ற ஹப் டைனமோ, அதுல இருந்து போனுக்கு சார்ஜ் ஏத்தற பெட்டி, இந்த ரெண்டுக்கும் தமிழ்ப் பேரு தேடற இழை நீண்டுக்கிட்டே போகுது, அதனால மொத்தமா படிச்சுட்டு ஒரே பதிலா எழுதுறேன். வந்த பரிந்துரைல பாதிக்கு மேல ஆங்கிலப் பேரை மட்டும் பாத்து வெச்சதா தெரியுது. சக்கரத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு பேசிட்டு அப்புறம் பேருக்கு வருவோமே.

> "அச்சு டைனமோ"ன்னு வெச்சா போதுமே, எல்லாருக்கும் புரியும்

புரியும், ஆனா தப்பா புரியும். அச்சு சுத்தறதே இல்ல. அது ஃபோர்க்குல நட்டு போட்டு இறுக்கி அப்படியே நிக்குது, கம்பிச்சுருள் அந்த அச்சு மேலதான் உக்காந்திருக்கு, காந்தமெல்லாம் வெளிக்கூட்டோட உள்சுவர்ல ஒட்டியிருக்கு, சக்கரம் உருண்டா கூடும் காந்தமும் சுத்தும், சுருள் இருந்த இடத்துலயே இருக்கும். அதனாலதான் கார்பன் பிரஷ் (சுத்தற பாகத்தோட உரசி கரண்ட் கடத்தற கட்டை), அது தேயறது, மாத்தறது எதுவும் இதுல கெடையாது, ரெண்டு வயர் நேரா அச்சுப் பக்கமா வெளிய வந்துடும். கரண்ட் உண்டாக காரணமா சுத்தறது வெளிக்கூடுதான், பேரும் அதுலதான் இருக்கணும்.

அந்தக் கூட்டுக்கு நம்மகிட்ட ஏற்கனவே பேரு இருக்கு. வண்டிச் சக்கரத்துல ஆரக்கால் எல்லாம் வந்து சொருகுற நடுக்கட்டைக்கு குடம்னு பேரு, வண்டி செய்யற ஆசாரிங்க இன்னிக்கும் அப்படித்தான் சொல்றாங்க. சைக்கிள்ல மரத்துக்கு பதிலா அலுமினியம், ஆரக்காலுக்கு பதிலா கம்பி, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால குடமின்னாக்கின்னு இந்த இழைல ஒரு ஐயா முன்வெச்சதுக்கு என் ஓட்டு, மின்னாக்கின்னா கரண்ட் உண்டாக்கற கருவி.

> குடம்னா தண்ணிக்குடம்னு நெனைப்பாங்க. "மைய மின்னாக்கி" அல்லது "குறடு மின்னாக்கி" பரிசீலிக்கலாம்

மைய மின்னாக்கின்னா ஏதோ பெரிய மின்நிலையம் மாதிரி கேக்குது. குறடு நல்ல பழைய சொல், சக்கரத்தோட நடுப்பகுதிங்கிற பொருள் அகராதியிலயே இருக்கு, ஆனா இன்னிக்கு குறடுன்னா கையில பிடிக்கிற பிளையர்தான் ஞாபகத்துக்கு வருது. குடத்துக்கு மேற்குன்னு கூட ஒரு பொருள் உண்டு, குடதிசை மின்னாக்கின்னு யாராவது சண்டைக்கு வந்தா பாத்துக்கலாம். சைக்கிள் பத்தி பேசற இடத்துல குடமின்னாக்கின்னா யாரும் தண்ணி தேடமாட்டாங்க.

> டைனமோன்னா டிசி தரணும், கம்யூட்டேட்டர் இருக்கணும். இது உண்மைல ஆல்டர்னேட்டர். அப்ப "மாறுமின்னாக்கி"ன்னு தானே வரணும்?

டிசின்னா ஒரே திசைல ஓடற நேர்மின்சாரம், கம்யூட்டேட்டர் அதுக்காக திசையை மாத்தி விடற உறுப்பு, ஆல்டர்னேட்டர்னா மாறுமின்சாரம் (ஏசி) தர்ற இயந்திரம். தம்பி சொன்ன காரணம் நூத்துக்கு நூறு சரி. 1867 வாக்குல ஜெர்மன் பொறியாளர் சீமென்ஸ் டைனமோங்கிற பேரை புழக்கத்துக்கு கொண்டுவந்தப்ப அதுல நிலைக்காந்தமே கெடையாது, மின்காந்தம்தான், வெளிய வந்ததும் நேர்மின்சாரம். சைக்கிள்ல இருக்கறது நேர் எதிர், நிலைக்காந்தம் வெச்ச மாறுமின்சார இயந்திரம். ஆங்கிலத்துலயே தப்பா ஒட்டிக்கிட்ட பேரு அது, பிரிட்டிஷ் கம்பெனி ஸ்டர்மி ஆர்ச்சர் 1930-கள்ல டைனோஹப்னு விக்க ஆரம்பிச்சப்பவே அப்படித்தான், யாரும் கவலைப்படல. நாம மின்னாக்கின்னு பொதுவா வெச்சுட்டா அந்தத் தப்பை இங்க இறக்குமதி பண்ணவேண்டாம், ஏசியா டிசியான்னு பேரு சொல்லவும் வேண்டாம், விளக்கத்துல எழுதிக்கலாம்.

காந்த முனைங்க மாறி மாறி இருக்கறதை கையாலயே உணரலாம். சக்கரத்துல கோக்காத ஒரு குடமின்னாக்கியை கையில வெச்சு அச்சை விரலால திருப்பிப் பாருங்க, வழவழன்னு சுத்தாது, டக் டக்குன்னு படிப்படியா தடுத்து தடுத்து நகரும், புதுசா வாங்கினவங்க பேரிங் போச்சுன்னு பயந்துடுவாங்க. காந்த முனைங்க இரும்போட ஒவ்வொண்ணா பிடிச்சு விடறதுதான் அது. பல மாடல்ல 26 இல்ல 28 முனை இருக்கும், 28-னு வெச்சா ஒரு சுத்துக்கு 14 அலை. சாதாரண பெரிய சக்கரத்தோட சுத்தளவு 2.1 மீட்டர் பக்கம், மணிக்கு 15 கிமீல நொடிக்கு சுமார் ரெண்டு சுத்து, ஆக ஏறக்குறைய 28 ஹெர்ட்ஸ். வேகம் மாறினா இதுவும் மாறும்.

சக்கரம் ஓரத்துல உரசி சுத்தற பழைய வகைக்கு யாரோ "புட்டி மின்னாக்கி"ன்னு போட்டிருந்தீங்க, தயவுசெஞ்சு வேண்டாம். உரசு மின்னாக்கி போதும். டயர் நனைஞ்சா ஏன் வழுக்குது, ஏன் கால் கனக்குதுங்கறது எல்லாம் அந்தப் பேருலயே இருக்கு.

இப்ப நெஜமான சிக்கலுக்கு வரேன், சார்ஜ் பண்ற பெட்டி.

> "மிதிமின்னேற்றி" எப்படி? அழகா இருக்கே

அழகா இருக்கு, ஆனா மிதிக்கறதுக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்லைங்க. குடமின்னாக்கி முன்சக்கரத்துல இருக்கு, இறக்கத்துல காலை அப்படியே வெச்சுட்டு சும்மா உக்காந்து போறப்பதான் இது நல்லாவே கறக்கும். மிதிமின்னேற்றின்னா ஸ்டாண்டுல நிக்கவெச்சு மிதிச்சு கரண்ட் எடுக்கற சாதனம் இருக்கே, அதுக்கு அந்தப் பேரை ஒதுக்கி வைப்போம். இதுக்கு நான் சொல்றது உருள்மின்னேற்றி. உருள்னா சக்கரம்னே பழந்தமிழ்ல பொருள் உண்டு, உருளற வரைக்கும் ஏத்தும், நின்னா நிக்கும். "மின்னூட்டி"ன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க, பாடப்புத்தகத்துல மின்னூட்டம்னா இயற்பியல்ல வர்ற எலக்ட்ரான் புரோட்டான் சார்ஜ், அதோட குழம்பும், பேட்டரிக்கு ஏத்தறதுக்கு மின்னேற்றமே இருக்கட்டும்.

இந்தப் பெட்டியை வெறும் "மாற்றி"ன்னு சுருக்கறது ஏன் பத்தாதுன்னா, குடமின்னாக்கி சுபாவமே வேற. நம்ம வீட்டு பிளக்குல வோல்டேஜ் மாறாது, கருவி கேக்கற அளவுக்கு கரண்ட் போகும். இங்க தலைகீழ், சுருளோட தூண்டல் (கரண்ட் மாறறதை எதிர்க்கற குணம்) காரணமா கரண்ட் அரை ஆம்பியர் பக்கம் போய் நின்னுக்கும், வேகம் ஏற ஏற வோல்டேஜ்தான் ஏறும். ரெண்டு வயரையும் ஒண்ணா சேத்து ஷார்ட் பண்ணாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா ஒண்ணுமே மாட்டாம வேகமா இறக்கத்துல விட்டா பல பத்து வோல்ட் வந்து நிக்கும், அந்த நேரத்துல பாதுகாப்பு இல்லாத சர்க்யூட்டை சொருகினா அது அதோட சரி. 6 வோல்ட் 3 வாட்னு மேல அச்சடிச்சிருக்கறது 12 ஓம் சுமைக்கு, 15 கிமீ வேகத்துக்கு சொன்ன கணக்கு. அதே அரை ஆம்பியரை 12 வோல்ட்ல வாங்கற மாதிரி பெட்டியை அமைச்சா, 25 கிமீ தாண்டின வேகத்துல 5, 6 வாட் கூட எடுக்கலாம். நல்ல பெட்டிக்கும் மோசமான பெட்டிக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இதுலதான்.

அப்ப பெட்டிக்குள்ள இருக்கற உறுப்புக்கெல்லாம் பேரு வேணும். ஏசியை டிசி ஆக்கற நாலு டயோடுக்கு (ஒரே திசைல மட்டும் கரண்டை விடற உறுப்பு) நேராக்கி, "திருத்தி"ன்னா பிழைதிருத்தி ஞாபகம் வருது, நேர்மின்சாரம்னு சொல்றப்ப நேராக்கி பொருத்தமா ஒட்டுது. இதை சாதாரணமா நெனைக்காதீங்க, கரண்ட் எப்பவும் ரெண்டு டயோடு வழியா போகணும், சிலிக்கான்ல ஒண்ணுக்கு 0.7 வோல்ட், ஆக 1.4 வோல்ட் போச்சு, அரை ஆம்பியர்ல 0.7 வாட், இருக்கற 3 வாட்ல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு அங்கயே சூடா போயிடுது. வோல்டேஜ் இழப்பு கம்மியான ஷாட்கி வகை டயோடு போட்டா இதுல பாதி மிச்சம். அடுத்து மின்தேக்கி (கெப்பாசிட்டர்), அது எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. அதுக்கு அடுத்து 5 வோல்ட்டுக்கு இறக்கி நிறுத்தற சீராக்கி. அதிக வோல்டேஜை வழியிலயே வெட்டற பகுதிக்கு "உச்சவெட்டி"ன்னு வந்திருக்கு, கொஞ்சம் அடிதடி மாதிரி இருந்தாலும் எனக்குப் பிடிச்சிருக்கு.

> நேரா போனை சொருகக் கூடாதா? நடுவுல பேட்டரி எதுக்கு?

சொருகலாம், ஆனா பாத்துக்கிட்டே இருங்க. மேடு ஏறும்போது வேகம் 10 கிமீக்கு கீழ எறங்கும், சிக்னல்ல நிக்கும், ஒவ்வொரு தடவையும் சார்ஜ் அறுந்து மறுபடி வரும், வர்றப்பல்லாம் போன் திரையை எரியவிட்டு சார்ஜ் ஆகுதுன்னு சந்தோஷமா காட்டும், ஏறின கொஞ்சத்தையும் அந்தத் திரையே தின்னுடும். சில போன் ரெண்டு மூணு தடவை இப்படி ஆனதும் கோவிச்சுக்கிட்டு ஏத்தவே மறுத்துடும். அதனால நடுவுல ஒரு பவர்பேங்க் வெச்சு அதுல நிரப்பி, அதுல இருந்து போனுக்கு குடுக்கறது நல்லது, ஒரே நேரத்துல வாங்கவும் குடுக்கவும் செய்யற வகையா அது இருக்கணும். இந்த நடுப் பேட்டரிக்கு "இடையகம்"னு (பஃபர்) கணினிக்காரங்க பேரை சொன்னீங்க. நான் தாங்கல் கலம்னு சொல்வேன். மழை வர்றப்ப வர்ற தண்ணியைத் தாங்கி வெச்சு வயலுக்கு நிதானமா விடற சின்ன ஏரிக்கு தாங்கல்னு பேரு, இதுவும் அதே வேலைதானே.

ஆனா விளக்கத்துல ஆசை காட்டாம எழுதணும். 10,000 மில்லி ஆம்பியர் மணின்னு போட்ட பவர்பேங்க் 3.7 வோல்ட்ல 37 வாட் மணி. யூஎஸ்பில 2.5 வாட் கெடைச்சாலே 15 மணி நேரம், இழப்பெல்லாம் சேத்தா அதுக்கும் மேல. ராத்திரில விளக்கும் போட்டா மெதுவான வேகத்துல இருக்கற 3 வாட்டை விளக்கே எடுத்துக்கும், பேட்டரிக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதே சமயம் ஓட்டறவங்களுக்கு பாரம்னு பயப்படவும் வேணாம், 3 வாட் எடுக்க கால் குடுக்கறது 5 வாட் பக்கம், சமதரையில 20 கிமீ வேகத்துல போகவே 80 வாட் பக்கம் ஆகுது, தனியா தெரியாது. அணைச்சு வெச்சாலும் காந்தம் கொஞ்சம் இழுக்கும், அதுவும் ஒரு வாட் பக்கம்தான்.

கலைச்சொல் பட்டியல்ல டைனமோங்கறதையும் இணைச்சொல்லா போட்டுடலாம், அதை யாராலயும் வாய்ல இருந்து பிடுங்க முடியாது, பிடுங்கவும் வேண்டாம்.

ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் அமையல. வண்டி நின்ன பிறகும் பின்விளக்கு சில நிமிஷம் மங்கலா எரியுமே, உள்ள ஒரு பெரிய மின்தேக்கி வெச்சு செய்யறாங்க, அந்த வசதிக்கு "நில்விளக்கு"ன்னு எழுதிப் பாத்தேன், ட்ராஃபிக்ல நில்லுன்னு காட்டற சிவப்பு விளக்கு மாதிரி ஆயிடுது. "பின்னொளி"ன்னா போன் திரையோட பேக்லைட். வேற யாருக்காவது தோணுதா?