கர்துங் லா 18,380 அடி என்று இன்னும் எத்தனை பேர் எழுதுவீர்கள்?

கல்லல் புல்லட்:
நேற்று நம் ஊர்ப் பயணக் குழுவில் தேவகோட்டை அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார்: "லடாக் போய் வந்தோம். கர்துங் லா, 18,380 அடி, உலகத்திலேயே உயரமான வண்டிப் பாதை. அதைப் பார்த்த கண்ணுக்குக் கொடைக்கானல் எல்லாம் மலையே இல்லை." கூடவே அந்தக் கணவாயில் உயரம் எழுதி வைத்திருக்கிற பலகைக்கு முன்னால் குடும்பப் படம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

அந்த 18,380 தப்பு. சரியான உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. பலகையில் கிட்டத்தட்ட 800 அடியைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். "உலகத்திலேயே உயரமானது" என்பதும் தப்பு. கிழக்கு லடாக்கில் உம்லிங் லா வழியாகப் போட்ட சாலை 19,024 அடி. 2021-லேயே அதற்குக் கின்னஸ் சான்றிதழ் வந்துவிட்டது.

தேவகோட்டை ரஸ்தா:
அந்த அண்ணன் நான்தான். என்னிடமே கேட்டிருக்கலாம், தனியாக ஒரு திரி திறந்து ஊரைக் கூட்ட வேண்டியதில்லை. பலகையை நான் எழுதவில்லை தம்பி. அங்கே பனியில் நிற்கிற ராணுவத்துக்குத் தெரியாத உயரம் கல்லலில் இருக்கிற உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? 18,380. என் கண்ணால் பார்த்தேன்.

கல்லல் புல்லட்:
பலகையைப் பார்ப்பதும் மலையை அளப்பதும் ஒன்றா அண்ணே? நான் 2 தடவை மணாலி வழியாகப் புல்லட்டில் போயிருக்கிறேன். ஜிபிஎஸ் காட்டியது 17,582-ஐ ஒட்டித்தான். பத்து அடி முன்னே பின்னே இருக்கலாம். 800 அடி இருக்காது.

கானாடுகாத்தான் வளவு:
நாங்கள் போனபோது பலகையில் 17,982 என்று இருந்தது. படம் வைத்திருக்கிறேன். இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

தேவகோட்டை ரஸ்தா:
பாருங்கள், இப்போது மூன்றாவது கணக்கு. புல்லட் தம்பிக்கு இது பழக்கம். போன மாதம் ஆத்தங்குடிக் கல் பேச்சிலும் இப்படித்தான், ஒரே வரியைப் பத்துத் தடவை சொல்லி எல்லாரையும் ஓட வைத்தார்.

கல்லல் புல்லட்:
ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி நான் சொன்னதும் சரிதான். அதை இங்கே இழுக்க வேண்டாம். 17,582.

செக்காலை ஆச்சி:
உயரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். கொடைக்கானல் மலையே இல்லை என்று எழுதியதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். 7,000 அடி என்ன சின்ன உயரமா? மேகம் விலகிய காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் கீழே பழனி மலை தெரியும். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அடுத்தது 2030-இல்தான். லடாக்கில் ஒரு மரம் உண்டா? எல்லாம் மொட்டைப் பாறை.

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி, மரம் இல்லாததுதான் அதன் அழகு. பாங்கோங் ஏரியின் நீலத்தைப் பார்த்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். கொடைக்கானலில் சீசனில் என்ன இருக்கிறது? மலையேறும் வரை வண்டி வரிசை. அதற்கும் இப்போது இ-பாஸ் வேறு.

செக்காலை ஆச்சி:
இ-பாஸ் வந்ததே உங்களைப் போல எல்லாரும் ஒரே நாளில் கார் எடுத்துக்கொண்டு கிளம்புவதால்தான். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதம் வந்தது. நல்லதுதான் செய்தார்கள்.

கொத்தமங்கலம் பாதயாத்திரை:
அடி கூடினால் என்ன, குறைந்தால் என்ன? வருசா வருசம் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவன் நான். நடந்து பழகிய உடம்புக்கு எந்த மலையும் ஒன்றும் செய்யாது.

கல்லல் புல்லட்:
இந்தப் பேச்சுக்காகத்தான் திரியே திறந்தேன். நடக்கிற உடம்புக்கும் மலை நோய்க்கும் சம்பந்தம் இல்லை. இருபது வயது ஓட்டக்காரனையும் அது விழத்தாட்டும். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு அதே 21 பங்குதான், ஆனால் காற்றழுத்தம் குறைந்துவிடுகிறது. கர்துங் லாவில் நம் ஊரில் இருப்பதில் பாதிதான். உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். லே ஊரிலிருந்து கர்துங் லா 40 கிலோமீட்டர், ஏறுவது 6,000 அடி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற அளவு. ஆனால் லேயில் தொடங்கும்போதே 11,500 அடியில் இருக்கிறீர்கள்.

என் அம்மானை ஒரு சுற்றுலாக் குழு விமானத்தில் லேயில் இறக்கி, மறுநாள் காலையே மேலே ஏற்றிவிட்டது. வயது 62. பையில் அயித்தை கட்டிக்கொடுத்த மணகோலப் பலகாரப் பாக்கெட் வெடிக்கிற மாதிரி உப்பிக் கிடந்ததாம், எல்லாரும் அதைக் கையில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். பின் சீட்டில் இவருக்கு உதடு நீலம் பாரித்ததை யாரும் பார்க்கவில்லை. வாந்தி, அப்புறம் பெயர் கேட்டால் பதில் இல்லை. அந்த ஊர் டிரைவர்தான் திரும்பிப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கினார். லே ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகுதான் கண் திறந்தார். பிழைத்தது அந்த டிரைவரால்.

லேயில் முதல் 2 நாள் சும்மா படுத்திருக்க வேண்டும். அதை எழுதாமல் பலகையைப் படம் பிடித்து 18,380 என்று போட்டால், பார்க்கிறவன் பலகைக்காக ஓடுவான்.

தேவகோட்டை ரஸ்தா:
அம்மான் விஷயம் வருத்தம்தான். நாங்கள் 2 நாள் ஓய்வெடுத்துத்தான் போனோம், டாக்டர் சொன்ன மாத்திரையும் போட்டுக்கொண்டோம். ஆனால் உங்கள் கணக்குப்படி உயரம் குறைவு என்றால் ஆபத்தும் குறைவுதானே? அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்? எங்களுக்கு வந்த தொல்லை சோறு ஒன்றுதான். கூட வந்த சமையல்காரர் வடித்த சோறு மூன்று நாளும் விதை விதையாக இருந்தது.

கானாடுகாத்தான் வளவு:
அது சமையல்காரர் தப்பு. லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானையில் வடித்தால் எப்படி வேகும்? குக்கர் கொண்டுபோயிருக்க வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா:
எங்கள் சமையல்காரரைக் குறை சொல்ல வேண்டாம். முப்பது வருசமாக எங்கள் வீட்டு விசேஷமெல்லாம் அவர் கைதான்.

கல்லல் புல்லட்:
லடாக்கில் போய் நம் ஊர்ச் சோறு கேட்கிறதே தப்பு. சூடாகத் துக்பா என்று நூடுல்ஸ் சூப் கொடுக்கிறான், சாப்பிட வேண்டியதுதானே?

செக்காலை ஆச்சி:
வயசானவர்களுக்கு நம் சாப்பாடு இல்லாமல் முடியாது தம்பி. நீங்கள் புல்லட்டில் போகிறவர், எதையும் தின்பீர்கள்.

கானாடுகாத்தான் வளவு:
இன்னொன்று. உம்லிங் லாவும் இப்போது முதல் இடத்தில் இல்லை. 2025 அக்டோபரில் மிக் லாவுக்குச் சாலை போட்டுவிட்டார்கள், 19,400 அடி.

கல்லல் புல்லட்:
அதுவும் நான் சொன்னதைத்தானே காட்டுகிறது? கர்துங் லா முதலிடம் இல்லை.

தேவகோட்டை ரஸ்தா:
அங்கெல்லாம் எல்லை. நம்மைப் போல் குடும்பத்தோடு போகிறவன் வேன் எடுத்துக்கொண்டு போக முடியுமா? எங்களைப் போன்றவர்கள் சுலபமாகப் போய்வருகிறது கர்துங் லாதான். படத்தை எடுக்க மாட்டேன். பலகையில் இருப்பதுதான் கணக்கு.

கல்லல் புல்லட்:
படம் இருக்கட்டும் அண்ணே. அதற்குக் கீழே எழுதியிருக்கிற அடியை மாற்றுங்கள். 17,582.

தேவகோட்டை ரஸ்தா:
18,380.

கொத்தமங்கலம் பாதயாத்திரை:
அடுத்த ஜூனில் நாங்கள் பன்னிரண்டு பேர் கிளம்புகிறோம். முதல் நாளே ஏறிக் காட்டுகிறேன்.

கல்லல் புல்லட்:
வேண்டாம். உங்களை எனக்குத் தெரியும், போன் பண்ணுகிறேன். எடுங்கள்.