மசல் விந்தணுவுல ஹிஸ்டோன் இன்னும் இருக்கே, இது எப்படி?

நெய்தல்: எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி ஜுவாலஜி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், செமினாருக்கு மெடிட்டரேனியன் மசல்ங்கிற கடல் சிப்பியை எடுத்திருக்கேன், மிடிலஸ் காலோபுரொவின்சியாலிஸ். விந்தணு முதிரும்போது டிஎன்ஏ சுத்தியிருக்கிற ஹிஸ்டோன் புரோட்டீன் எல்லாம் கழண்டு போய் அந்த இடத்துல புரோட்டமின்ங்கிற புரோட்டீன் உக்காரும், டிஎன்ஏ இறுகிடும்னுதான் இத்தனை நாளா படிச்சேன். ஆனா மசல்ல புரோட்டமின்னே சொல்ல மாட்டேங்கிறாங்க, புரோட்டமின்-லைக், அதாவது புரோட்டமின் மாதிரி, சுருக்கமா பிஎல்னு சொல்லி பிஎல்-2, பிஎல்-3, பிஎல்-4ன்னு மூணு பேர் வருது, கூடவே கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு சாதாரண ஹிஸ்டோனும் இருக்குன்னு போட்டிருக்கு. வேற செல் ஏதாவது கலந்து வந்த ஹிஸ்டோனா இருக்குமா? இல்ல நான்தான் தப்பா புரிஞ்சிக்கிட்டேனா? வர்ற வியாழன் செமினார், யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

அலைவாய்: கலப்படம் இல்ல தம்பி, அது நிஜமாவே அங்க இருக்கிறதுதான். ஹிஸ்டோன் போச்சு புரோட்டமின் வந்துச்சுங்கிறது சால்மன் மீனை வச்சு வந்த கதை, 1874ல மீஷர்ங்கிற விஞ்ஞானி புரோட்டமினை முதல்ல பிரிச்செடுத்ததே ரைன் ஆத்து சால்மன் விந்துலேர்ந்துதான், அதனால அதையே எல்லா உயிருக்கும் பொதுன்னு நினைச்சிக்கிறோம். மனுஷ விந்தணுவுலயே கொஞ்சம் ஹிஸ்டோன் மிச்சம் இருக்கு. மொத்தமா பாத்தா மூணு வகை, ஹிஸ்டோன் வகை, புரோட்டமின் வகை, நடுவுல இந்த புரோட்டமின்-லைக் வகை. சிப்பி நத்தை கணவாய் இருக்கிற மெல்லுடலிக் கூட்டத்துல இந்த வகைகள் கலந்து கிடக்கு, மசல் நடு வகை, கணவாய் பக்கம் போனா ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலம் நிறைஞ்ச அசல் புரோட்டமின். இந்த கூட்டத்தை ஆராய்ச்சிக்காரங்க விடாம பிடிச்சிக்கிட்டதுக்கு அதுதான் காரணம்.

கெமிஸ்ட்_பாண்டி: லேப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்றேன். ஹிஸ்டோன்ல அஞ்சு வகை, 5 சதவீத பெர்குளோரிக் ஆசிட்ல அதுல எச்1 மட்டும் கரைஞ்சு வரும், டிஎன்ஏ சுத்திக்கிற மத்த நாலு கோர் ஹிஸ்டோனும் கரையாம நின்னுடும், மசலோட பிஎல் புரோட்டீனும் எச்1 மாதிரியே அதுல கரையும். இந்த ஒரு விஷயமே அது யாரு வீட்டுப் பிள்ளைன்னு காட்டுது பாருங்க. புரோட்டீனைப் பிரிச்சுப் பாக்க ஜெல் ஓட்டினா அசிட்டிக் ஆசிட்-யூரியா ஜெல்தான் போடணும், எஸ்டிஎஸ் ஜெல்ல இவ்ளோ பாசிட்டிவ் சார்ஜ் இருக்கிற புரோட்டீன் மெதுவா ஓடி, இருக்கிறதை விட பெருசுன்னு காட்டும். பழைய பேப்பர்ல ஃபை-1, ஃபை-3ன்னு வரும், அதெல்லாம் இதே பிஎல் புரோட்டீன்தான், குழம்பாதீங்க.

நெய்தல்: ரொம்ப நன்றி அண்ணா. எச்1 மாதிரி கரையுதுங்கிறதுக்காக எச்1லேர்ந்தே வந்ததுன்னு சொல்லிட முடியுமா?

அலைவாய்: அதை மட்டும் வச்சு சொல்ல முடியாது, சரியா கேட்டீங்க. 1987ல சர்ஃப் கிளாம்ங்கிற சிப்பியோட விந்தணுவுல இருக்கிற பிஎல்-1 புரோட்டீனை டிரிப்சின்ங்கிற என்சைம் போட்டு வெட்டிப் பாத்தாங்க, ரெண்டு பக்க வாலும் துண்டு துண்டாப் போச்சு, நடுவுல ஒரு உருண்டை மட்டும் வெட்டுப்படாம நின்னுச்சு. அந்த உருண்டை எச்1க்கு நடுவுல இருக்கிறதோட சொந்தம், அதுதான் பெரிய ஆதாரம். மசல்ல இன்னும் அழகு, பிஎல்-2வும் பிஎல்-4ம் ஒரே ஜீன்லேர்ந்து ஒரே நீளப் புரோட்டீனா வந்து அப்புறம் ரெண்டா வெட்டுப்படுது, உருண்டை பிஎல்-2 கூட போயிடுது, பிஎல்-4ல வெறும் வால்தான். உருண்டையை விட்டுட்டு வால் மட்டும் தனியா நிக்கிறதுன்னா அது புரோட்டமினை நோக்கி ஒரு படிதானே.

நெய்தல்: ஆனா எச்1ல லைசின்ங்கிற அமினோ அமிலம்தான் அதிகம், புரோட்டமின்ல ஆர்ஜினின். ஒவ்வொண்ணா மாறுச்சா?

கெமிஸ்ட்_பாண்டி: இதுக்கு ஒரு விடை மசல்ல இல்ல, கடல் பீச்சாங்குழல்னு சொல்ற டியூனிகேட்ல கிடைச்சுது, 2004ல வந்துச்சு. டிஎன்ஏ எழுத்தை மூணு மூணா படிச்சாதான் ஒவ்வொரு அமினோ அமிலம் வரும், ஏஏஜி ஏஏஜி ஏஏஜின்னு எழுதிப் பாருங்க, எல்லாம் லைசின். இப்ப முதல் எழுத்தை விட்டுட்டு ஒரு எழுத்து தள்ளிப் படிங்க, ஏஜிஏ ஏஜிஏன்னு வரும், அது ஆர்ஜினின்! ரீடிங் ஃப்ரேம், அதாவது மூணு மூணா படிக்கத் தொடங்குற இடம், ஒரே ஒரு எழுத்து நகர்ந்தா போதும், லைசின் வால் முழுசும் ஆர்ஜினின் வாலா ஆயிடும். ஆர்ஜினின் டிஎன்ஏவோட பாஸ்பேட்டை லைசினை விட இறுக்கிப் பிடிக்கும், அதனால அந்த மாற்றம் நின்னு நிலைச்சிருக்கலாம். செமினார்ல இதை போர்டுல எழுதிக் காட்டுங்க, மறக்கவே மாட்டாங்க.

அலைவாய்: இன்னொண்ணு, நேரம் இருந்தா சேத்துக்கோங்க. மசல் விந்தை நேரா கடல் தண்ணியில விடுது, அதனால தண்ணியில செம்பு, பாதரசம் மாதிரி உலோகம் இருந்தா பிஎல் புரோட்டீன் டிஎன்ஏவைப் பிடிக்கிற விதமே கெட்டுப் போகுதான்னு நேப்பிள்ஸ்ல ஒரு குழு மிடிலஸ் வச்சே பாத்துட்டு வராங்க. உங்க மசலும் அதேதான், அவங்க பேப்பரை தேடிப் படிங்க.

நெய்தல்: இன்னைக்கு ராத்திரியே ஸ்லைடு மாத்துறேன். அந்த ஏஏஜியை பேப்பர்ல எழுதிப் பாத்துட்டேன் அண்ணா, அப்படியேதான் வருது.