சாக்ரன்டீனோ வைன்: இப்போதே திறக்கலாமா?

வணக்கம் நண்பர்களே. இத்தாலியின் உம்ப்ரியாவில் மொன்டேஃபால்கோ ஊரைச் சுற்றி விளையும் சாக்ரன்டீனோ திராட்சையின் சிவப்பு வைனை அண்மையில்தான் முதன்முதலாகக் குடித்தேன். கிட்டத்தட்ட கறுப்பு நிறம், ப்ளாக்பெரி வாசனை, நாக்கை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு. துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் மிக அதிகமுள்ள திராட்சைகளில் இதுவும் ஒன்று. எனக்கு அந்தத் துவர்ப்புதான் ரொம்பப் பிடித்தது! வேறு திராட்சை கலக்காமல், குறைந்தது 37 மாதம் முதிர வைத்த பிறகே விற்பனைக்கு விடுகிறார்கள்.

2019 அறுவடைப் பாட்டில் ஒன்று கையில் இருக்கிறது. இப்போதே திறக்கலாமா, இன்னும் சில வருடம் வைப்பது நல்லதா? திறந்தால் எவ்வளவு நேரம் முன்பே டிகான்டரில் (வைனைக் காற்றுப்பட ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி வைக்க வேண்டும்? சுட்ட ஆட்டிறைச்சி பொருந்தும் என்று நினைக்கிறேன், சரியா?

அப்புறம், திராட்சையை உலர்த்திச் செய்யும் இனிப்பு வகையான பசீத்தோவைக் குடித்தவர்கள், அதிலும் இதே துவர்ப்பு தெரியுமா என்று சொல்லுங்கள்.