ஊருணிக் கரை லேப் (லேப்ரடார்) நாய்: கீழ வீதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள்

காலை 6:35

தெய்வானை: (போட்டோ) ஊருணிப் படித்துறைக்கிட்ட இந்த லேப் நிக்குது. பொட்டை. வெளிர் மஞ்சள். கழுத்துல பெல்ட் இல்ல, ஆனா கட்டியிருந்த இடத்துல முடி வட்டமாப் படிஞ்சு தடம் தெரியுது. யாரு வீட்டு நாய்னு தெரிஞ்சா சொல்லுங்க.

செல்வம்: நேத்துப் பொழுதுசாயவும் அங்கனதான் நின்னுச்சு. கார் சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடிப் பாக்குது. அப்புறம் திரும்பி வந்து அதே இடத்துல படுத்துக்குது.

டாக்டர் ஐயா (கால்நடை மருத்துவர்): செல்வம், நீங்க கவனிச்சது முக்கியமான விஷயம். வழி தவறி வந்த நாய் பெரும்பாலும் ஒரு இடத்துல நிக்காது, மோப்பம் புடிச்சுக்கிட்டே நடந்துக்கிட்டிருக்கும். இறக்கி விட்டுட்டுப் போன நாய்தான் இறக்கின இடத்தை விட்டு நகராது. ஆனா இதை மட்டும் வச்சு முடிவு கட்டிடக் கூடாது. வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடி வந்த நாயும் களைச்சுப்போய் ஒரே இடத்துல முடங்கும். தேடுற ஆளு இருக்காகன்னு நெனச்சே முதல்ல வேலையப் பாப்போம்.

உமையாள் ஆச்சி: பசியோட இருக்குமே டாக்டர். ராத்திரி மிஞ்சின கோழிக் குழம்புச் சோறு இருக்கு, கொண்டுபோய் வைக்கட்டுமா?

டாக்டர் ஐயா: வேண்டாம் ஆச்சி. நம்ம குழம்புல சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாம இருக்காது. ரெண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வெந்த கோழி எலும்பு சில்லுசில்லா உடைஞ்சு குடலைக் கிழிக்கும். முதல்ல அகலமான சட்டியில தண்ணி வைங்க. அரை மணி கழிச்சு, உப்பில்லாத வெறுஞ்சோறு ரெண்டு கைப்பிடி, அதுல அவிச்ச முட்டை ஒண்ணைப் பிசைஞ்சு வைங்க. வயிறு காஞ்ச நாய்க்கு ஒரேயடியா நிறையப் போட்டா வாந்தியும் கழிச்சலும் வரும். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும்.

கார்த்தி: நான் போய்ப் புடிச்சுட்டு வரட்டா? பசங்க ரெண்டு பேரு கல்லெடுக்குறானுங்க.

டாக்டர் ஐயா: பசங்களை முதல்ல அனுப்பிவிடு. நீ துரத்தாத. மிரண்ட நாய் வளர்த்தவங்க கூப்பிட்டாலே ஓடும், அடுத்தவங்க துரத்துனா நேரா மெயின் ரோட்டுக்குத்தான் போகும். பத்தடி தள்ளி, பக்கவாட்டாத் திரும்பி, தரையில உக்காரு. கண்ணை நேராப் பாக்காத. சாதா மாரி பிஸ்கட்டை ஒவ்வொண்ணாத் தூக்கிப் போடு, ஒவ்வொரு தடவையும் உனக்குக் கொஞ்சம் கிட்டக்க விழுற மாதிரி. கிரீம் பிஸ்கட், சாக்லேட் கூடாது. அதுவா வந்து உன் கையை மோந்து பாக்கணும். அதுவரைக்கும் தொடாத. முதல் தடவை தொடும்போது தலைக்கு மேல கையக் கொண்டுபோகாம நெஞ்சுப் பக்கம் தொடு.

டாக்டர் ஐயா: கயிறு நூல் கயிறா இருக்கணும், விரல் தண்டி, ஆறடி. ஒரு முனையில சின்ன வளையம் போட்டு, மறு முனையை அதுக்குள்ள விட்டா சுருக்கு வந்துரும். தலை வழியா மாட்டினதும் சுருக்கு மேல ஏறாம ஒரு முடிச்சுப் போட்டுக்க. நைலான் கயிறு வேண்டாம், இழுத்தா கழுத்தையும் அறுக்கும் உன் கையையும் அறுக்கும். உறுமுனாலோ, உடம்பு விறைச்சு வாலை அசைக்காம நின்னாலோ விட்டுட்டு வா. 1962க்குக் கூப்பிடலாம், கால்நடை ஆம்புலன்ஸ்.

செல்வம்: ஒரு விஷயம் கேக்கணும். நேத்து எம்பேரன் இதுக்கு பிஸ்கட் குடுத்தான். தாவி வாங்குறப்ப நகம் பட்டு முழங்கையில கீறல். ரத்தம் வரல. மஞ்சப்பத்துப் போட்டிருக்கு. வேற ஒண்ணும் செய்யல.

பாண்டிச்செல்வி நர்ஸ்: அண்ணே, மஞ்சளை உடனே கழுவிவிடுங்க. குழாய்த் தண்ணிய ஓடவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிசம். கடிகாரத்தைப் பாத்துக் கழுவுங்க, ரெண்டு நிமிசம் கழுவிட்டு முடிஞ்சதுன்னு விட்டுடக் கூடாது. அப்புறம் பெட்டாடின். சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது, கட்டும் கட்டக் கூடாது.

பாண்டிச்செல்வி நர்ஸ்: ரத்தம் வராத கீறல்னாலும் ராபிஸ்ங்கிற வெறிநாய்க்கடி நோய்க் கணக்குல அது ரெண்டாம் வகை. தடுப்பூசி கட்டாயம் போடணும். தோல் கிழிஞ்சு ரத்தம் வந்தா மூணாம் வகை, அதுக்குத் தடுப்பூசியோட சேத்து காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின்னு இன்னொரு ஊசியும் உண்டு. வெறும் தோல்ல நக்குனது மட்டும்னா முதல் வகை, கழுவினாப் போதும். இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் காசில்லாமத்தான் போடுறாங்க. இன்னைக்கு, அப்புறம் 3, 7, 28ஆம் நாள். ஒவ்வொரு தடவையும் ரெண்டு கைப் புஜத்துலயும் தோலுக்குள்ள துளித்துளியாப் போடுவாங்க. தொப்புளைச் சுத்திப் போட்டதெல்லாம் அந்தக் காலம். பத்தியமும் கிடையாது.

செல்வம்: நாய் நல்லாத்தானே இருக்கு, பத்து நாள் பாத்துட்டுப் போட்டா ஆகாதா?

பாண்டிச்செல்வி நர்ஸ்: ஆகாது அண்ணே. ஊசியை ஆரம்பிச்சுக்கிட்டே நாயைக் கவனிக்கணும். நோய்க்குறி வந்தபிறகு ராபிஸுக்கு வைத்தியம் இல்ல. பத்து நாள்ல நாய் நல்லா இருந்தா மிச்ச ஊசியைப் பத்தி டாக்டர் சொல்லுவாரு.

செல்வம்: சரிம்மா. இப்பவே கிளம்புறோம்.

டாக்டர் ஐயா: இனிமே இந்த நாயைத் தொலைய விடவே கூடாது, அந்தப் புள்ளைக்காகவும்தான். பத்து நாளைக்கு நம்ம கண்ணுலயே இருக்கணும்.

காலை 8:10

கார்த்தி: வந்துருச்சு ஐயா. நாப்பது நிமிசம் ஆச்சு. இப்ப பூட்டின வீட்டு முகப்புல கட்டிருக்கேன். சொக்கு அண்ணன் வீடு.

சொக்கலிங்கம் (சென்னை): தாராளமா இருக்கட்டும் தம்பி. வாச்மேன்ட்ட சொல்லிட்டேன், சாவி வாங்கி ரெண்டாம் கட்டுல விட்டுருங்க. ஆத்தங்குடிக் கல்லு தரை, வெயிலுக்குக் குளுமையா இருக்கும்.

டாக்டர் ஐயா: நல்லது. வேற நாய் இருக்கிற வீட்டுல விடாம இருந்ததும் நல்லது. பார்வோங்கிற ரத்தக் கழிச்சல் நோய் இருந்தா அந்த வைரஸ் தரையில மாசக்கணக்கா இருக்கும், ஃபினாயிலுக்குச் சாகாது. பிளீச்சிங் திரவம் லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி கலந்து, பத்து நிமிசம் ஊறவிட்டுக் கழுவணும். நாயை வேற பக்கம் மாத்திட்டுத்தான் கழுவணும். சொக்கு, உங்க கல்லுத் தரை நிறம் போகாம இருக்கணும்னா ஒரு மூலையில கோணி விரிச்சு அதுல மட்டும் விடச் சொல்லுறேன்.

டாக்டர் ஐயா: கார்த்தி, இதெல்லாம் பாத்து எழுது. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால அமுக்கி விடு, வெளுத்த இடம் ரெண்டு விநாடிக்குள்ள சிவக்கணும். தோளுக்கு நடுவுல தோலைக் கிள்ளி விடு, மெதுவா இறங்குனா நீர்ச்சத்துக் குறைவு. பாதத்துக்கு அடியில தாரு ரோடு சுட்ட கொப்புளம் இருக்கா? காதுக்குள்ளயும் விரலிடுக்குலயும் உண்ணி? காது நுனியில வெட்டு இருக்கா? இருந்தா கருத்தடை செஞ்சு விட்ட நாய்னு அர்த்தம். முலைக்காம்பையும் பாரு.

கார்த்தி: ஈறு வெளிர் ரோஸ், ரெண்டு விநாடி. தோல் மெதுவாத்தான் இறங்குது. பாதம் பரவாயில்ல. காதுக்குள்ள உண்ணி நிறைய. காதுல வெட்டு இல்ல. முலை எல்லாம் நீளமாத் தொங்குது ஐயா. குட்டி எங்கயாச்சும் இருக்குமோ?

டாக்டர் ஐயா: காம்பை லேசாப் பிதுக்கிப் பாரு. பால் வந்தா இப்பவே கயிறைத் தளர்த்தி அது போற வழியில பின்னாடியே போகணும். பச்சைக் குட்டி சில மணி நேரம்கூடத் தாங்காது.

கார்த்தி: வரல. நாலஞ்சு காம்புல பாத்தேன். சுத்தமா வறண்டிருக்கு.

டாக்டர் ஐயா: அப்பக் குட்டி இல்ல. ஆனா ஒருதரம் ஈன்ற நாய்க்கு இந்த அளவுக்குத் தொங்காது. பலதரம் குட்டி எடுத்திருக்காக. குட்டி வித்துக் காசு பாத்துட்டு, ஈத்து குறைஞ்சதும் ஊருக்கு வெளிய கொண்டாந்து தள்ளுறது அடிக்கடி நடக்குது. 2017ல வந்த நாய் இனப்பெருக்க விதியில, 18 மாசம் ஆகாத நாயையும் எட்டு வயசு தாண்டினதையும் இணை சேர்க்கக் கூடாது, அடுத்தடுத்த பருவத்துல ஈன வைக்கக் கூடாது, ஆயுசுக்கு அஞ்சு ஈத்துக்கு மேல கூடாதுன்னு இருக்கு. குட்டியை எட்டு வாரத்துக்கு முன்னாடி விக்கவும் கூடாது. வாங்குறவுக இதையெல்லாம் கேக்குறதில்ல. தாயைக் காட்டுன்னு கேட்டாலே பாதி ஆளு போனை வச்சிருவான்.

உமையாள் ஆச்சி: படிக்கவே மனசு தாங்கல. வைரவருக்கு வாகனம்னு கும்புடுறோம், வாயில்லாத சீவனை இப்படியா செய்வாக.

காலை 10:20

செல்வம்: ஊசி போட்டாச்சு. கேஸ் சீட்டுல அடுத்த தேதியெல்லாம் எழுதிக் குடுத்துட்டாக. கோவிச்சுக்காதீங்க, ஒரு யோசனை. பத்து நாள் கழிச்சு பிள்ளையார்பட்டிப் பக்கம் விட்டுட்டு வந்தா கோயிலுக்கு வர்றவுக சோறு போடுவாகல்ல?

தெய்வானை: அண்ணே, இதைக் கொண்டாந்து விட்ட ஆளும் அதையேதானே நெனச்சிருப்பான்?

டாக்டர் ஐயா: செல்வம், வீட்டு நாய்க்குத் தெருவுல பிழைக்கத் தெரியாது. அங்க இருக்கிற நாய்க அதை எல்லைக்குள்ள விடாது, கூட்டமாக் கடிக்கும். வண்டிக்கு ஒதுங்கத் தெரியாது. இது கருத்தடை செய்யாத பொட்டை. பருவம் ஏறக்குறைய ஆறேழு மாசத்துக்கு ஒருதரம் வரும், மூணு வாரம் இருக்கும். 63 நாள்ல குட்டி. அடுத்த வருசம் அங்க எத்தனை நாய் நிக்கும்னு பாருங்க. சட்டப்படியும் குத்தம். 1960ஆம் வருசத்து மிருகவதைத் தடைச் சட்டம் 11ஆம் பிரிவுல, வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்குற மாதிரி கைவிடுறது வரும். ஆனா முதல் தடவைக்கு அபராதம் 10ல இருந்து 50 ரூபாய்தான். இந்தக் காலத்துல அந்தத் தொகைக்கு யாரு பயப்படுவா?

செல்வம்: புரியுதுங்க ஐயா. விடல.

மருந்துக்கடை அழகு: உண்ணிக்குச் சொட்டு மருந்து இருக்கு, எடை சொன்னா அனுப்புறேன்.

டாக்டர் ஐயா: 24, 25 கிலோ இருக்கும். லேப்புக்குக் குறைவுதான். நான் வந்து நிறுத்துப் பாத்துட்டுச் சொல்றேன், எடை தெரியாம மருந்து வேண்டாம். பூனைக்கு விக்கிறதையும் நாய்க்கு விக்கிறதையும் மாத்திடாதீங்க, பெர்மெத்ரின் உள்ளது பூனையைக் கொன்னுரும். கார்த்தி, உண்ணியைக் கையால நசுக்காத. இடுக்கியால தோலை ஒட்டிப் புடிச்சு நேரா இழுத்து, சோப்புத் தண்ணிக் குப்பியில போடு.

மதியம் 1:15

தெய்வானை: வேற குரூப்புல என் போட்டோவைப் பரப்பிட்டாக போல. ஒருத்தர் போன் பண்ணி "அது எங்க நாய், வண்டி அனுப்புறேன்"ங்கிறாரு. குடுத்துரலாமா?

டாக்டர் ஐயா: சும்மா குடுக்காதீங்க. கருத்தடை செய்யாத லேப் பொட்டைக்கு ஆசைப்படுற ஆளு நிறைய. போட்டோவுல தெரியாத அடையாளம் ஒண்ணு நம்ம கைவசம் இருக்கணும், அதைக் குழுவுலயும் எழுதாதீங்க. அவருட்ட அடையாளம் கேளுங்க. தடுப்பூசி அட்டை கேளுங்க, அதுல நாயோட நிறம், வயசு, போட்ட மருந்தோட பேட்ச் ஸ்டிக்கர், டாக்டர் கையெழுத்து இருக்கும். வீட்டுல எடுத்த பழைய போட்டோ நாலு கேளுங்க. உண்மையான ஆளு கேக்குறதுக்கு முன்னாடியே அனுப்புவாரு. நாயை எங்க வச்சிருக்கோம்னு சொல்லிறாதீங்க.

தெய்வானை: அட்டையும் இல்லையாம், போட்டோவும் இல்லையாம். பொட்டையா கடுவனான்னு கேட்டேன், போனை வச்சுட்டாரு.

கார்த்தி: நான் சுத்தி ஒரு கிலோமீட்டர் நடந்து கேட்டுட்டேன். பால்காரர், பேப்பர் போடுறவரு, இஸ்திரிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு. கல்லுக்கட்டிக் கடைவீதியில ரெண்டு மருந்துக்கடையில நோட்டீஸ் ஒட்டியிருக்கேன். ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்தாச்சு.

டாக்டர் ஐயா: கால்நடை ஆஸ்பத்திரியிலயும் ஒட்டு. தொலைச்ச ஆளு முதல்ல அங்கதான் வருவாரு. நோட்டீஸ்ல எழுத்து பைக்ல போறவனுக்குத் தெரியிற அளவுக்கு இருக்கணும்: "லேப் நாய் கிடைத்தது", போன் நம்பர், அவ்வளவுதான். சாயங்காலம் நாய்க்கு அடையாள எண் சிப் இருக்கான்னு பாக்கணும், அதைப் படிக்கிற ரீடர் உள்ள டாக்டர்ட்ட பேசிருக்கேன்.

சொக்கலிங்கம் (சென்னை): சிப் இருந்தா வீட்டு அட்ரஸ் வந்துருமா டாக்டர்?

டாக்டர் ஐயா: வராது. அரிசி மணி அளவு, தோளுக்கு நடுவுல தோலுக்கடியில இருக்கும். பேட்டரி இல்ல, எங்க இருக்குன்னு காட்டாது. ரீடரை ஒட்டிப் புடிச்சா 15 இலக்க எண் மட்டும் வரும். அது சில நேரம் கழுத்து, முன்னங்காலுக்கு நகர்ந்திருக்கும், அதனால உடம்பு முழுக்க மெதுவா ஓட்டிப் பாக்கணும். எண்ணைப் பதிஞ்ச இடத்துல நம்ம போன் நம்பர் இருந்தாத்தான் பயன். நாட்டுக்கே பொதுவா ஒரே பதிவேடு இங்க கிடையாது. அதனால சிப் இருந்தாலும் கழுத்துல தகடு வேணும்.

உமையாள் ஆச்சி: நம்ம ஊர்ல சாமானுக்கெல்லாம் பேரு வெட்டுறோமே, அந்தப் பாத்திரக்கடையிலேயே பித்தளைத் தகட்டுல நம்பர் வெட்டிக் குடுப்பாக.

டாக்டர் ஐயா: அருமையான யோசனை ஆச்சி. நம்ம வீதியில நாய் வச்சிருக்கிற எல்லாருமே வெட்டிருவோம். ரெண்டு நம்பர் வேணும், அதுல ஒண்ணு உள்ளூர் நம்பர். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். அதுக்கு மேல தளர்வா இருந்தா தலை வழியாக் கழண்டுரும்.

டாக்டர் ஐயா: சொக்கு, இது உங்களைச் சொல்லல, வெளியூர்ல இருக்கிற எல்லாருக்குமா சொல்றேன். திருவிழா, கல்யாணம்னு பத்து நாள் வந்து இருக்கையில புள்ளைக கேக்குதுன்னு குட்டி வாங்குறாக. போகும்போது வாச்மேன்ட்ட விட்டுட்டுப் போறாக. அவருக்குத் தீனிக் காசு வருதா, ஊசி அட்டை எங்க இருக்கு, உடம்புக்கு முடியலன்னா யாரைக் கூப்பிடணும், எதுவும் சொல்றதில்ல. அவரு வேலையை விட்டா நாயும் தெருவுக்கு வருது. லேப்புக்கு ஆயுசு பத்துப் பன்னெண்டு வருசம். அத்தனை வருசமும் இந்த ஊர்ல யாரு பாப்பான்னு ஒரு ஆளோட பேரு சொல்ல முடியலன்னா வாங்கவே கூடாது.

சொக்கலிங்கம் (சென்னை): நியாயம்தான் டாக்டர். எங்க பங்காளிக குரூப்புலயும் இதைப் போடுறேன்.

மாலை 6:50

கார்த்தி: ரீடர் வச்சு ரெண்டு தடவை உடம்பு பூராப் பாத்தாக. சிப் இல்ல. உடம்புச் சூடு 102.1, நாய்க்கு அது சரியான அளவுதானாம். பல்லை வச்சு அஞ்சு வயசுக்கு மேல இருக்கும்ங்கிறாக. ரத்தம் எடுத்திருக்காக, உண்ணிக் காய்ச்சலுக்கு.

டாக்டர் ஐயா: தண்ணி அளவுக்கு மீறிக் குடிச்சாலோ, பின்பக்கம் சீழ் மாதிரி வடிஞ்சாலோ ராத்திரின்னாலும் கூப்பிடு. கருத்தடை இல்லாத நாய்க்குச் சில நேரம் கருப்பையில சீழ் கோக்கும், ஒரு நாள் தாமதமும் ஆபத்து. பத்து நாள் முடிஞ்சு, உடம்பு தேறினதும் கருத்தடை செஞ்சுரலாம். அதுக்குள்ள யாரும் அட்டையோட வரலன்னா வளர்க்க வீடு பாப்போம்.

செல்வம்: காலையில நான் சோறு வைக்கிறேன். முட்டையும் கொண்டாரேன். சாயங்காலம் யாரு?

தெய்வானை: சாயங்காலம் நான்.

டாக்டர் ஐயா: தினம் தின்னுச்சா, தண்ணி குடிச்சுச்சா, குரல் மாறியிருக்கா, எச்சில் வடியுதா, நாலையும் இந்தக் குழுவுல எழுதுங்க. வாய்க்குள்ள யாரும் கைவிட வேண்டாம். செல்வம், நாளைக்குக் காலையில அது போட்ட மலத்துல கொஞ்சம் குச்சியால தள்ளி ஒரு சின்ன டப்பாவுல எடுத்து வைங்க. பூச்சி முட்டை இருக்கான்னு பாக்கணும்.