தெம்பு குறைந்தது என் தவறா?

இரவுப்பணி:
கொரோனா காலத்தில் ஐசியூவில் வேலை பார்த்த செவிலியர் நான். அலை ஓய்ந்த பிறகும் தூக்கம் சரியில்லை, நோயாளி பேசுவது காதில் விழுகிறது, மனதில் ஒட்டுவதில்லை. மன உறுதிக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள், அதுவும் டியூட்டி முடிந்த பிறகு! எனக்கு மட்டும்தான் இப்படியா?

வார்டு 3:
இல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை, அதாவது தீராத வேலை அழுத்தத்தால் ஆள் தளர்ந்துபோவதை, நோயாக அல்ல, வேலை சார்ந்த நிகழ்வாகத்தான் வகைப்படுத்தியது. களைப்பு, வேலையில் பற்று விட்டுப்போவது, செய்யும் வேலை உருப்படியாக இல்லை என்ற எண்ணம், மூன்றும் அதில் அடங்கும். நீங்கள் சொல்வதில் முதல் இரண்டும் தெரிகிறது. ஒருவர் பார்க்க வேண்டிய கட்டில்கள் இரட்டிப்பானால் மூச்சுப் பயிற்சி எதைச் சரிசெய்யும்?

நீலக் கையுறை:
பாதுகாப்பு உடையைக் கழற்றி மாட்ட நேரமாகும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் ஷிஃப்டை ஓட்டியதையாவது மறந்துவிடலாம். குடும்பத்தார் உள்ளே வர முடியாததால், கடைசி நேரத்தில் நோயாளியின் காதருகே நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் போகவில்லை. அதற்கு எந்த வகுப்பும் இல்லை.

வார்டு 3:
அதைச் சக செவிலியர்களிடம் பேசியதுதான் எனக்கு உதவியது, அப்புறம் தொடர் இரவு டியூட்டியைக் குறைத்தது. இரவுப்பணி அவர்களே, உங்கள் தூக்கம் இப்படியே கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம், அது வேறு, அதற்குச் சிகிச்சை உண்டு.